பத்துக்கு எத்தனை?

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு அம்மாவும் நானும் நலம். உன் நலமறிய ஆவல். எப்போதும் இந்த வரியைக் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை முழுக் கடிதமும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. வேலையிடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், அதில் நீங்கள் எவ்வளவு ஹேப்பியாக இருக்கிறீர்கள், பத்துக்கு எத்தனை என்று ஒரு கேள்வி இருந்தது, பேனாவை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றாய். கடைசியில் நாலு என்று போட்டுவிட்டு அறைக்கு வந்து அழுதாய் என்றாய். "வேலை இருக்கு, சம்பளம் வருது, யாரும் ஒரு குறை சொல்லல. அப்படியும் நான் ஹேப்பியா இல்லப்பா. என்கிட்டதான் ஏதோ கோளாறு." இந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அம்மா போனை வாங்கி, சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா என்று கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு என் பெண் அழுகிறாள், அந்தச் சொல்லைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாளே பரணிலிருந்து என் பழைய அகராதிகளை இறக்கினேன். ஒரு வாரமாக அவற்றோடுதான் இருக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நான் தடுமாறுவேன். அதனால் எழுதுகிறேன். இரவு வேலை முடிந்து வந்ததும் படிக்காதே. தூங்கி எழுந்து, சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படி.

ஹேப்பி என்றால் மகிழ்ச்சி, எதிர்ச்சொல் ஸாட். கரும்பலகையில் இப்படி எத்தனை நூறு தடவை எழுதிப் போட்டிருப்பேன். அந்தச் சொல்லுக்குள் ஹேப் என்று ஒரு குட்டிச் சொல் உட்கார்ந்திருப்பதை ஒரு பிள்ளைக்கும் காட்டியதில்லை. ஹேப் என்றால் அதிர்ஷ்டம், தற்செயல், வந்து வாய்ப்பது. ஹேப்பன் என்றால் நிகழ்வது. பெர்ஹேப்ஸ், ஒருவேளை. மிஸ்ஹேப், விபத்து. ஹேப்லெஸ், கொடுத்துவைக்காதவர். எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹேப்பி ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தபோது அதன் பொருள் 'அதிர்ஷ்டம் வாய்த்த' என்பதுதான். உள்ளத்தில் பொங்கும் உணர்ச்சியை அது குறிக்கவில்லை. அந்தப் பொருள் ஏறுவதற்கு மேலும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

இதில் உனக்கென்று ஒரு சேதி இருக்கிறது. ஹேப் அசல் ஆங்கிலச் சொல் இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் நார்ஸ் மொழிச் சொல். அவர்கள் 866-இல் பிடித்து, தங்கள் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர் எது தெரியுமா? இங்கிலாந்தில் நீ இருக்கிற யார்க்தான். அவர்கள் வாயில் அது யோர்விக். கடைசி நார்ஸ் அரசனான எரிக் 954-இல் துரத்தப்படும்வரை அந்த ஊர் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு கேட், கேட் என்று பெயர் இருக்கிறது, ஆனால் வாசல் ஒன்றையும் காணோமே என்று போன புதிதில் கேட்டாயே. அந்த கேட் வாசல் இல்லை. நார்ஸ் மொழியில் கட்டா என்றால் தெரு. நீ வேலைக்கு நடந்து போகிற வழியில் வரும் காப்பர்கேட்டுக்கும் செம்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது மரத்தில் கிண்ணம் கடைகிறவர்கள் தெரு. 1976-லிருந்து 1981 வரை அங்கே தோண்டி, அவர்களின் வீடுகளையும் பட்டறைகளையும் வெளியே எடுத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் கிண்ணம் கடைந்துகொண்டிருந்தவர்கள் பேசிய மொழியின் சொல்தான் உன் படிவத்தில் வந்து நிற்கிறது.

அவர்கள் கொடுத்த சொற்கள் இன்னும் நிறைய. முட்டைக்கு எக், கத்திக்கு நைஃப், வானத்துக்கு ஸ்கை, ஏன், அவர்கள் என்று சொல்ல 'தே' என்பதுகூட. ஜன்னலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'காற்றின் கண்', அதுவே விண்டோ. நம் பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அங்கே கண், இங்கே வழி. இதைப் பார்த்த ராத்திரி அம்மாவை எழுப்பிச் சொன்னேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபத்துக்கான ஆங்கர் என்ற சொல்லும் அதே நார்ஸிலிருந்து வந்ததுதான். அங்கே அதற்குத் துயரம், வருத்தம் என்று பொருள். ஹேப்பும் ஆங்கரும் ஒரே ஆட்களின் வாயிலிருந்துதான் ஆங்கிலத்துக்குள் இறங்கியிருக்கின்றன.

ஷேக்ஸ்பியரின் 'வெரோனாவின் இரு கனவான்கள்' நாடகத்தில் முதல் காட்சியிலேயே ஒரு நண்பன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். வழியனுப்புகிறவன் சொல்கிறான்: போகிற இடத்தில் எதேச்சையாக ஏதாவது அருமையான பொருளைக் கண்டால் என்னை நினைத்துக்கொள், உனக்கு நல்ல ஹேப் எதிர்ப்படும்போது உன் ஹேப்பினஸில் எனக்கும் பங்கு இருக்கட்டும் என்று. ஹேப் எதிர்ப்படுகிறது, கவனி. வழியில் வருகிறது, சந்திக்கிறோம். அவன் அதைத் தேடிப் போகவில்லை, வரவில்லையென்றால் அவனிடம் கோளாறு என்றும் யாரும் சொல்லவில்லை. ஜெர்மானியர்களுக்கு இன்றைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் மகிழ்ச்சிக்கும் க்ளுக் என்ற ஒரே சொல்தான். பிரெஞ்சில் மகிழ்ச்சிக்கு வழங்கும் போனர் என்ற சொல்லைப் பிரித்தால் 'நல்ல அதிர்ஷ்டம்'.

பிறகு எப்படியோ அது மனுஷன் துரத்திப் பிடிக்க வேண்டிய ஒன்றாக ஆகிவிட்டது. 1776-இல் அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திரப் பிரகடனத்தில் உயிர், சுதந்திரம் இரண்டோடு ஹேப்பினஸை நாடிச் செல்வதையும் மனிதனின் உரிமையாக எழுதினார்கள். 1789-இல் லண்டன்காரரான ஜெரமி பெந்தம், இன்பத்தை அளக்க முடியும், அதன் வேகம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, எவ்வளவு நிச்சயம் என்று கணக்குப் போடலாம் என்று புத்தகம் வெளியிட்டார். இப்போது பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011-லிருந்து மக்களிடம், நேற்று எவ்வளவு ஹேப்பியாக இருந்தீர்கள், 0 முதல் 10 வரை சொல்லுங்கள் என்று கேட்டுவருகிறது. அதில் 'நேற்று' என்று கேட்கிறார்களே, அதையாவது நான் நியாயம் என்பேன். உன் படிவத்தில் அந்த 'நேற்று'கூட இல்லை. முன்னாளில் ஒருவருக்கு வாய்த்ததா இல்லையா என்றுதான் கேட்டார்கள். இப்போது, நீ ஏன் இன்னும் ஆகவில்லை என்கிற மாதிரி கேட்கிறார்கள். கேள்வியில் இருக்கிற இந்தக் கோணலை நீ உன் கோணலாக எடுத்துக்கொண்டாய் அம்மாடி. அதை என்னால் தாங்க முடியவில்லை.

நாமும் ஒருநாள் பழைய பொருளில் ஹேப்பியாக இருந்தோம். 2018 நவம்பர் 16, கஜா புயல். நடுராத்திரிக்கு மேல் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, நானும் அம்மாவும் பக்கத்து மாடிவீட்டுச் சமையல்கட்டில் இன்னும் ஒன்பது பேரோடு உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் நம் 22 தென்னையில் மூன்றுதான் நின்றன. செல்போன் கோபுரங்கள் எல்லாம் போய்விட்டன. நீ தஞ்சாவூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, எங்களுக்கு உன்னைப் பற்றித் தெரியாது. மூன்றாம் நாள் நிவாரண லாரியில் பாதி வழி, நடந்து பாதி வழி என்று வந்து சேர்ந்தாய். வாசலில் எங்கள் இருவரையும் பார்த்ததும் நீ ஓடிவரவில்லை. விழுந்து கிடந்த தென்னை மரத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். அம்மா சிரித்தாள். வீட்டுக்கு மேல் கூரை இல்லை, 19 மரம் போயிற்று, அவள் சிரித்தாள். அன்றைக்கு யாராவது படிவத்தை நீட்டி பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்?

ஹேப்பி வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினேன். அந்த இடத்தில் சேலிக் என்று ஒரு சொல் இருந்தது. பாக்கியம் பெற்ற, கடவுள் அருள் பெற்ற என்று பொருள். ஜெர்மன் மொழியில் ஸேலிக் என்று இன்றும் அதே உயர்ந்த பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அது மெல்ல மெல்லப் படி இறங்கியது. அருள் பெற்றவர் என்றால் கபடமற்றவர். கபடமற்றவர் என்றால் பாவம், இரங்கத்தக்கவர். பாவம் என்றால் பலவீனர். பலவீனர் என்றால் விவரமில்லாதவர். 16-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் முட்டாள்தனம் என்ற பொருளுக்கு வந்து நின்றுவிட்டது. அந்தச் சொல் இன்று ஸில்லி.

இதைப் படித்ததும் அகராதியை மூடிவைத்துவிட்டேன் கயல். எத்தனை விடைத்தாள்களில் சிவப்பு மையால் ஸில்லி மிஸ்டேக் என்று எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் அந்தச் சொல் தெரியாத பிள்ளை கிடையாது. ஆங்கிலமே வராத வீட்டில்கூட அப்பா அம்மா சொல்வார்கள். உன் ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாளில் இரண்டு மார்க்குக்காக அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உன்னைத் திட்டினேன். நீ சாப்பிடாமல் படுத்தாய். அது தப்பு, இன்றைக்குச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அந்தச் சொல்லைக் கைக்குழந்தைகளுக்கும் புனிதர்களுக்கும் வைத்திருந்தார்கள்.

இந்த வாரம் உன் ஊரில் எல்லோரும் மெர்ரி கிறிஸ்துமஸ் சொல்வார்கள். வருஷம் முழுக்க ஓரமாகக் கிடக்கும் மெர்ரி, டிசம்பரில்தான் தெருவுக்கு வருகிறது. அதன் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பழைய ஜெர்மானிய வேரில் அதற்குக் குட்டையானது, சீக்கிரம் முடிவது என்று பொருள் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் சொல்லாராய்ச்சி செய்தவர்கள். லத்தீன் வழியாக வந்த பிரீஃப் என்ற சொல்லுக்கு அது தூரத்துப் பங்காளி. குட்டைக்கும் குதூகலத்துக்கும் என்ன உறவு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஜெர்மன் சொல் ஒன்று கண்ணில் பட்டது. பொழுதுபோக்குக்கு அவர்கள் சொல்வது 'குட்டைப் பொழுது'. அலுப்புக்குச் சொல்வது 'நீளப் பொழுது'. உடனே விளங்கிவிட்டது. நாம் இதை ஒரு வாக்கியமாகவே சொல்கிறோமே: பொழுது போனதே தெரியல. அலுப்பாக இருந்தால், பொழுதே போகமாட்டேங்குது. நீ ஊருக்கு வந்திருந்த 18 நாளும் அப்படித்தான் போயிற்று. உன்னைத் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த ராத்திரி, நேற்றுத்தானே வந்தாள் என்றாள் அம்மா. அந்த 18 நாள் மெர்ரி. நீளமாக இருந்திருந்தால் அது வேறு சொல்லாகியிருக்கும்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவரைப் பார்த்து நன்றிக்குப் பதிலாக சியர்ஸ் என்கிறார்கள், நானும் சொல்லப் பழகிவிட்டேன் என்று ஒருநாள் சொன்னாய். சியர் என்றால் முதலில் முகம். அவ்வளவுதான், வெறும் முகம். பிற்கால லத்தீனில் காரா, ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் முகத்துக்கு அதே சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது நல்ல சியர் உண்டு, கனத்த சியரும் உண்டு. நல்ல முகம், வாடிய முகம். நாளாவட்டத்தில் 'நல்ல' என்ற அடைமொழி உதிர்ந்து, சியர் என்றாலே நல்ல முகம்தான் என்று ஆகிவிட்டது. கிளாட் என்ற சொல்லும் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஒளிர்கிற, மினுங்குகிற என்று பொருள். ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லுக்கு வழுவழுப்பு, லத்தீனில் உள்ள உறவுக்கு வழுக்கை. பொன்னைக் குறிக்கும் கோல்ட் என்ற சொல்லும் மூலத்தில் இதே ஒளியின் வேருக்குத்தான் போய்ச் சேருகிறது என்று சொல்வார்கள். நம் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள், முகம் பளிச்சென்று இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதுதான் கிளாட்.

இன்று மார்கழி ஆறு. வருஷத்திலேயே உங்களுக்குக் குட்டையான பகல். யார்க்கில் ஏழரை மணி நேரத்துக்குள் பகல் முடிந்து, நாலு அடிப்பதற்கு முன்பே சூரியன் போய்விடும். நீ இரவு வேலை முடித்துத் தூங்கி எழும்போது மறுபடி இருட்டு. அந்த ஊரில் ஒளிர்வது என்ற சொல்லை எடுத்து மகிழ்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அது சும்மா அலங்காரத்துக்கு என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு அது நிஜமாகவே வெளிச்சம். ஆகவே இதை மட்டும் என் உத்தரவாக எடுத்துக்கொள்: விடுமுறை நாளில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்காதே. பகல் 11 மணிக்கு எழுந்து வெளியே போ. உங்கள் மொழியில் இதற்கு மருத்துவப் பெயர் ஏதாவது இருக்கும். நீ என்னைவிட நன்றாக அறிவாய்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டிலைட் என்று எழுதும்போது நடுவில் ஒலிக்காத இரண்டு எழுத்து வருமே, அதை எழுதாமல் விட்ட பிள்ளைகளை நூறு தடவை எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு எழுத்தும் அங்கே இருந்திருக்கவே வேண்டியதில்லை. வெளிச்சத்தைக் குறிக்கும் லைட்டோடு உறவு என்று 16-ஆம் நூற்றாண்டில் தவறாக எண்ணிச் சேர்த்துவிட்டார்கள். உண்மையில் அது ஆசை காட்டி இழுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஃபன் என்றால் முதலில் ஏமாற்றுவது. 1755-இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் அதைக் கீழ்த்தரமான கொச்சைச் சொல் என்று குறித்தார். த்ரில் என்றால் துளைப்பது. நாசித்துளைக்கு நாஸ்ட்ரில் என்கிறோமே, அதன் பின்பாதியும் அந்தத் துளைதான். பரவசத்துக்குச் சொல்கிற எக்ஸ்டஸி என்றால் கிரேக்கத்தில் தனக்கு வெளியே போய் நிற்பது. நம் மகிழ்ச்சிக்கும் அப்படி ஒரு பக்கம் உண்டு. பழந்தமிழில் மகிழ் என்றால் கள், கள்ளுண்ட மயக்கம். இந்த வகைச் சொற்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. துளைப்பதும் தூக்கிக்கொண்டு போவதும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

செரண்டிபிட்டியை விட்டுவிடக் கூடாது, அது நம் பக்கத்து வீட்டுச் சொல். இலங்கைக்கு அரபியரும் பாரசீகரும் சொன்ன பெயர் செரந்தீப். அந்த நாட்டு இளவரசர்கள் மூவர், தாங்கள் தேடாதவற்றையெல்லாம் தற்செயலாலும் கூர்மையாலும் கண்டுபிடித்துக்கொண்டே போவதாக ஒரு பழங்கதை. அதை வைத்து ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754 ஜனவரி 28 அன்று இந்தச் சொல்லைப் படைத்தார். எதில் படைத்தார் தெரியுமா? தூர தேசத்தில், ஃபிளாரன்ஸில் இருந்த நண்பருக்கு எழுதிய ஒரு கடிதத்தில். கோடியக்கரைக்கு நேர் எதிரே கிடக்கிற தீவு அது. நான் சின்னப் பையனாக இருந்தபோது நம் ஊர்க்காரர்களுக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும்.

கன்டென்ட் என்ற சொல்லில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். தெருப் பையன்கள் யூடியூபில் கன்டென்ட் போடுகிறேன் என்கிறார்களே, அதுவும் மனநிறைவைக் குறிக்கும் கன்டென்டும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள்: உள்ளே கொள்வது, சிந்தாமல் சேர்த்துப் பிடித்துக்கொள்வது. ஆசை பாத்திரத்துக்குள் அடங்கியிருந்தால் கன்டென்ட். உன் பாட்டி படியில் நெல் அளக்கும்போது தலைதட்டி அளப்பாள். குவித்து அளந்தால் வழியில் சிந்தும், யாருக்கும் பிரயோஜனமில்லை என்பாள். சந்தோஷம் என்று நாம் தினமும் சொல்கிற வடசொல்லுக்கும் மூலத்தில் போதும் என்கிற நிறைவுதான் பொருள். நடுவில் நாம் அதைக் குவித்துவிட்டோம்.

கடைசியாக ஒரு சொல். இது உன் தொழிலைச் சேர்ந்தது, ஆனால் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போன வருஷம் எனக்கு முட்டி வீங்கியபோது, நோயாளிகளிடம் கேட்கிற மாதிரியே போனில் என்னிடம், "அப்பா, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாய். பொறுத்துக்கலாம் என்றேன். "அது நம்பர் இல்லப்பா" என்று சிரித்தாய். யூஃபோரியா என்று ஒரு சொல் இருக்கிறதே, தலைகால் புரியாத குதூகலத்துக்கு இப்போது சொல்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அது மருத்துவர்கள் மட்டும் சொன்ன சொல். நோயாளி, நோய் இருக்கும்போதே, தனக்கு இதமாக இருக்கிறது என்று உணர்வதற்கு அந்தப் பெயர். கிரேக்கத்தில் பிரித்துப் பார்த்தால் யூ என்றால் நன்றாக. ஃபோரியா, சுமப்பது, தாங்குவது. சுலபமாகத் தாங்கிக்கொள்ளும் திராணி. நான் அன்றைக்குச் சொன்ன பதில் அதுதான் கயல், பொறுத்துக்கலாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கிழவரைத் திருப்பிப் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்தால் அவர் "இப்ப தேவலை" என்கிற மாதிரி ஏதோ சொல்வார் என்றாயே, அந்த ஊர் மொழியில் அது எனக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் கண்ணை மூடிக்கொள்வார் என்றாயே. அதற்குத்தான் அந்த மருத்துவர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அது உன் கையில் நடக்கிறது. நீ போட்ட நாலில் அதைச் சேர்த்தாயா என்று கேட்கத் தோன்றியது. வேண்டாம், கேட்கவில்லை. நாலு என்றால் நாலாகவே இருக்கட்டும். நீ பொய் எழுதவில்லை, அது எனக்குப் பெருமை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். உண்மையிலேயே தாங்க முடியவில்லை என்றால், படுத்தால் எழ மனம் வரவில்லை என்றால், அது சொல்லாராய்ச்சியில் தீருகிற காரியம் இல்லை. அங்கேயே ஒரு டாக்டரைப் பார். எனக்கும் சொல். பணம், ஒப்பந்தம், ஊர் என்ன சொல்லும் என்று எதையும் யோசிக்காதே. வீடு இருக்கிறது, ஓடு மாற்றியாயிற்று, உன் அறை அப்படியே இருக்கிறது.

வெல்த் என்றால் சொத்து என்று நடத்தினேன், அதையும் திருத்திக்கொள். முதலில் அது நலம். வெல் என்ற சொல்லோடு பிறந்தது. ஆக, கடிதத்தின் தலையில் நம்மவர்கள் எழுதுகிற நலமறிய ஆவல் என்பதை ஆங்கிலத்தில் பெயர்க்கச் சொன்னால் நான் இனிமேல் ஹேப்பியைப் போடமாட்டேன்.

காப்பர்கேட் பக்கம் போனால் அந்தத் தெருவை ஒரு படம் எடுத்து அனுப்பு. கடைகள் வேண்டாம், தெருப் பெயர்ப் பலகை தெரிகிற மாதிரி.

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கஜா அன்னிக்கு நான் எங்க சிரிச்சேன்? விழுந்த காய எண்ணிக்கிட்டுல்ல இருந்தேன்" என்கிறாள். நீயும் நானும் பார்த்தோம். அடுத்த தெரு ஆசிரியர் மகன் லீட்ஸுக்குக் கிளம்புகிறான், நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்மிளகாயும் கொடுத்தனுப்புகிறோம். ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் இருக்கிறது, மூடி இறுக்கம், பார்த்துத் திற.

அன்புடன்,
அப்பா